தண்ணீர் லாரியின் நிறம்

"எரியுது, ஆனா பேசலையே!"

பஸ் பணிமனையில் விளக்குத் துடைக்கிற லைட்டக்கா பேசியதை எல்லாம் ஒரு தராசில் போட்டால், பாதி எடை இந்த ஒரு வாக்கியம்தான் இருக்கும். மீதிப் பாதி, இதைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு விழுந்த வசவு. காலையில் முதல் பஸ் ஷெட்டுக்குள் வரும்போது ஆரம்பிப்பாள். சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்போதும் தண்ணீர்க் குழாயிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்றைக்கும் எவனாவது சேறு அப்பின வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், ஷெட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து, மூக்கால் இழுத்து, கடைசி எழுத்தைக் கூரை வரைக்கும் தூக்கி, யாராவது அதைச் சொல்லிவிடுகிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை.

அவள் எதைச் சொன்னாள் என்று வெளியாட்களுக்கு விளங்காது. பஸ்ஸின் பின்விளக்கு எரிவது எல்லோருக்கும் தெரியும். அது ஒரே சீராக எரியவில்லை, கண் பிடிக்கமுடியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது என்பது பார்த்தால் தெரியாது. அந்தத் துடிப்பில்தான் விளக்கு பேசுகிறது. நான் பிரேக் போடுகிறேன், நான் திரும்பப்போகிறேன், நான் நின்றுவிட்டேன் என்று பின்னால் வரும் வண்டிக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. பின்னால் வரும் பஸ்ஸின் முன்கண்ணாடிக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சில்லு பதித்திருக்கும். பணிமனையில் அதற்குப் பெயர் கண்ணு. கண்ணு அந்தத் துடிப்பை வாங்கி, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குக் கொடுக்கும். பெட்டி அதை வாய்விட்டு டிரைவரிடம் சொல்லும்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு பெண்குரல். ஓர் எழுத்தைக்கூட மென்று விழுங்காத குரல். "முன்னே செல்லும் வாகனம் வேகம் குறைக்கிறது. தயவுசெய்து இடைவெளி விடுங்கள்." இப்படிப் பேசினால் எந்த டிரைவர் சும்மா இருப்பான்? வந்த முதல் வாரமே பெட்டிக்கு டீச்சர் என்று பேர் வைத்துவிட்டார்கள். "சரிங்க டீச்சர்", "இடைவெளி விட்டாச்சு டீச்சர்", "ஒண்ணுக்குப் போகணும் டீச்சர்" என்று ஆளாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஓட்டினார்கள். சிரித்தாலும் கேட்டார்கள். அந்த வழித்தடங்களில் வண்டிக்குப் பின்னால் வண்டி போய் முட்டுவது பேருக்குக்கூட இல்லாமல் போனது. சில வருடத்தில் கார், லாரி எல்லாவற்றுக்கும் பேசுகிற விளக்கு வந்துவிட்டது.

ஆனால் விளக்கின் மேல் கொஞ்சம் சேறு அப்பினால் போதும். எரிவது தெரியும், பேச்சுப் போய்ச் சேராது. இதைத்தான் டிரைவர்கள் மண்டையில் ஏற்றமுடியவில்லை.

"எரியுதுல்ல லைட்டக்கா? அப்புறம் என்ன?"

"எரியுது, ஆனா பேசலையே! உன் வாயில துணிய அடைச்சுட்டுப் பேசுன்னா எனக்கு என்ன கேக்கும்? எறங்கு. எறங்கி நீயே உன் கையால துடை."

அவளிடம் இரண்டு துணிகள் இருந்தன. வெள்ளைத் துணி விளக்குக்கு. மஞ்சள் துணி கண்ணுக்கு. மாற்றிப் போட்டால் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணுக்கு ஏறிவிடும். மஞ்சள் துணியை இடுப்பில் செருகியிருப்பாள், யாரும் தொடக்கூடாது. துடைத்து முடித்ததும் இரண்டு பஸ்களை முன்னும் பின்னுமாக நிறுத்துவாள். முன் பஸ்ஸில் ஒருத்தர் பிரேக்கை மிதிப்பார். பின் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டீச்சர் வாயைத் திறக்கிறாளா என்று காது கொடுப்பாள். இதற்குப் பேச்சுப் பார்ப்பது என்று பெயர். டீச்சர் பேசினால் சோதனைத் தாளில் கையெழுத்து. பேசாவிட்டால், மேலே சொன்ன வாக்கியம்.

விசில் என்று ஒரு கண்டக்டர் இருந்தான். ஊதல் இல்லாமல் நாக்கை மடக்கியே அவன் அடிக்கிற விசிலுக்கு பஸ் நிற்கும், கிளம்பும். அவன் லைட்டக்காவின் எதிரில் நின்றே லைட்டக்காவாகப் பேசுவான். மூக்கை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, "எரியுது, ஆனா..." என்று ஆரம்பித்தால் ஷெட்டே முடித்து வைக்கும்.

"அடேய், என் குரல எனக்கே விக்கிறியா?"

"விக்கலக்கா. அப்பப்ப எடுத்துப் போட்டுட்டுத் துவைச்சு மடிச்சுத் திருப்பிக் குடுத்துடுறேன்."

அவளும் சிரிப்பாள். மஞ்சள் துணியால் அவன் முதுகில் ஒன்று வைப்பாள்.

அவளுடைய புருஷன் அதே பணிமனையில் டிரைவர். ஊரைச் சுற்றிப் போகும் புறவழி ரோடு அவருடைய வழித்தடம். பத்தொன்பது வருடத்தில் ஒரு பக்கக் கண்ணாடியைக்கூட உரசியதில்லை என்பதை, கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். லீவு நாளில் வீட்டில் இருந்தால் அவருக்கு உடம்பு நமைக்கும். நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் தரையை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும்.

"தரைக்குள்ள பிரேக் இல்லைங்க. காலை எடுங்க, பெருக்கணும்" என்பாள் அவள்.

ஒருநாள் மகள் கல்லூரியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, "வாங்க வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றார்.

"என்னப்பா, நான் என்ன வீடு பாக்க வந்திருக்கேனா?" என்று மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். லைட்டக்கா மட்டும் சிரிக்கவில்லை. விளக்கையும் கண்ணையும் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள் அவள். மகள் வாய் திறந்த பிறகுதான் அவர் முகம் மாறியது என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். பச்சைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இந்த நீலச் சட்டை சாயமே போகல பாரு" என்றார். யூனிபார்மை வேறு பக்கம் வைத்தால் தேடினார். வெளியூரில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு வட்டம் போட்டு, அதன் நடுவில் பேனாவால் கிறுக்கிக் காட்டினார். ஓரம் தெரியும், நடு தெரியாது. ரோட்டின் இரண்டு கரையும் தெரியும், நேர் எதிரே நிற்பது தெரியாது. நிறமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். மருந்து கிடையாது. வண்டி ஓட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

திரும்பி வரும்போது, வீட்டுத் தெரு வந்ததும் அவர் நின்றார்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத."

"விட்டா?"

"விட்டா நான் செத்தேன்னு வச்சுக்க."

அவள் மூச்சு விடவில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பணிமனையின் முதலுதவி அறைச் சுவரில் எழுத்து அட்டை ஒன்று தொங்கும். வருடம் ஒருமுறை டிரைவர்கள் வரிசையில் நின்று அதை வாசித்துக் காட்டவேண்டும். பன்னிரண்டு வருடமாக அதே அட்டை. விரலில் கீறல் என்று சொல்லி, கட்டுப் போடுகிற சாக்கில் உள்ளே போய், அட்டையில் இருந்த எழுத்தை எல்லாம் தேதி கிழித்த தாளின் பின்னால் எழுதிக்கொண்டு வந்தாள். வீட்டில் அவர் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று கேள்வி கேட்டாள்.

"நாலாவது வரி?"

"ட, ப, ம, ல, ச."

"கடைசி வரி?"

"ன, ர, ழ, க... க... சோப்பு கண்ணுல போயிடுச்சுடி!"

"போனா என்ன, அங்க இருந்தா பாக்குறீங்க? காதால சொல்லுங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவர் குளியலறைக்குள், அவள் வெளியே. இரண்டு வருடம் அந்த அட்டையை அவர் தடங்கல் இல்லாமல் ஒப்பித்துக் காட்டினார்.

பஸ்ஸைப் பொறுத்தவரை அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. டீச்சர் இருக்கிறாள். முன்னால் போகும் வண்டி எதுவானாலும் அதுவே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. இவர் பார்த்துத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? ரோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் பேச்சைக் கேட்டுக்கொண்டு போனால் போதாதா? "நீங்க காதைத் தீட்டி வச்சுக்குங்க. மிச்சத்த நான் பாத்துக்குறேன்" என்று அவளே அவருக்குத் தைரியம் சொன்னாள். அவருடைய பஸ்ஸின் கண்ணை ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தாள். மாலை வெயில் நேரே அடித்தால் கண்ணு கூசி, சேதியைத் தவறவிடும். அதற்காகப் பழைய சக்கர மறைப்பு ரப்பரை வெட்டி, கண்ணுக்கு மேல் ஒரு சின்னக் கூரை செய்து ஒட்டினாள்.

"புருஷன் வண்டிக்கு மட்டும் தொப்பியாக்கா? எங்க வண்டியெல்லாம் வெயில்ல காயட்டுமா?" என்றான் விசில்.

"வரிசையில வாடா. எல்லாருக்கும் உண்டு."

எல்லோருக்கும் செய்தும் கொடுத்தாள். ஆனால் முதல் தொப்பி யாருக்கு, எதற்கு என்பது அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

பேசுகிற விளக்கோடு பழகியவர்களுக்கு மட்டுமே வருகிற ஒரு தப்பு உண்டு. டீச்சர் சொல்லவில்லை என்றால் முன்னால் ஒன்றும் இல்லை என்று நினைப்பது. மற்ற டிரைவர்களும் அதைச் செய்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கண் இருந்தது. தப்பு நடப்பதற்குள் பார்த்துவிட்டார்கள்.

அன்றைக்கு அவள் வேலை முடிந்து அவருடைய பஸ்ஸிலேயே வீட்டுக்கு ஏறினாள். உட்கார இடமில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருட்டாத சாயங்காலம். பஸ்ஸில் நாற்பது பேருக்கு மேல். பின்னால் விசில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். டீச்சர் வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். முன்னே செல்லும் வாகனம் இடதுபுறம் திரும்புகிறது. முன்னே பாதை தெளிவாக உள்ளது. அவர் காலை அழுத்தினார்.

வளைவு தாண்டியதும் நேர் ரோடு. அதன் நடுவில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. பேட்டரி செத்து, விளக்கு அணைந்து, கேட்பாரில்லாமல் நின்றது. தலை முதல் கால் வரை ஆரஞ்சு. கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு. லாரிக்காரன் ஒரு வேப்பங்கொத்தையாவது ஒடித்துப் பின்னால் போட்டிருக்கலாம், அதையும் செய்யவில்லை. டீச்சருக்கு அந்த லாரி இல்லை. எரியாத விளக்கு பேசாது. டீச்சருக்கு இல்லை என்றால் அவருக்கும் இல்லை.

அவர் பார்ப்பார் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அந்த ஒரு கணத்தை அவள் அப்புறம் ஆயுள் முழுக்க மன்னிக்கவில்லை. அவருடைய கழுத்து அசையவில்லை. கால் எழவில்லை. ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முனகினார்.

"யோவ்! நிறுத்துய்யா!"

இருபத்துமூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கால் தன்னால் பிரேக்கில் போய் விழுந்தது. பஸ் கதறிக்கொண்டு நின்றது. கண்ணாடிக்கும் லாரிக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையலாம், அவ்வளவுதான் இடைவெளி.

ஜனங்கள் லாரிக்காரனைத் திட்டினார்கள். "டிரைவரு நல்ல நேரத்துல பிடிச்சாருப்பா" என்று ஒரு பெரியவர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். "கைராசிக்கார மனுசன்" என்றாள் ஒருத்தி. நெற்றி வீங்கிய விசில் பின்னாலிருந்து, "அக்கா, பயத்துல வூட்டுக்காரரயே யோவ்னுட்டியே!" என்று கத்தினான். பஸ் சிரித்தது. பக்கத்து சீட்டில் ஒரு அம்மாவின் மடியில் குழந்தை ஒன்று, நடந்தது எதுவும் தெரியாமல், பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே வீடுவரைக்கும் வந்தாள்.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போது அவர்தான் பேச்சை எடுத்தார்.

"அத்தன பேரு முன்னாடி யோவ்ங்குற."

"லாரியப் பாத்தீங்களா, இல்லையா?"

"டீச்சர் ஒண்ணும் சொல்லலையே."

"டீச்சர விடுங்க. நீங்க பாத்தீங்களா?"

"பாக்காமலா நிறுத்துனேன்?"

அவள் தரையில் உட்கார்ந்தாள். "போதுங்க. நாளைக்கு நீங்களே போயி மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. நானும் கூட வரேன்."

"எதச் சொல்ல? இருபத்தோரு வருசத்துல ஒரு கீறல் இல்ல. இன்னும் எட்டு வருசம். அதுவரைக்கும் நீ வாய மூடிட்டு இரு, போதும்."

"அந்தக் கொழந்த..."

"எந்தக் கொழந்த?"

அவர் அதையும் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்ததை யாரும் பார்க்கமுடியாது, அது நியாயம்தான். ஆனாலும் அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு முடிவாகிவிட்டது. மறுநாள் காலை மஞ்சள் துணியை இடுப்பில் செருகாமல் மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் நல்லவர். நல்லவராக இருந்ததுதான் கஷ்டம். டிரைவரையும் கூப்பிட்டு, முதலுதவி அறையிலிருந்து எழுத்து அட்டையை எடுத்துவரச் சொல்லி, தூர நிறுத்தி வாசிக்கச் சொன்னார். அவர் மேலிருந்து கீழ்வரைக்கும் மடமடவென்று வாசித்தார். அவள் சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில். ன, ர, ழ, க. கடைசி வரியில்கூட மூச்சு வாங்கவில்லை.

"ஏம்மா, நல்லாத்தான பாக்குறாரு? ஒருநாள் பஸ் சட்டுனு நின்னதுக்குப் போயி இப்படிச் சொல்லலாமா? குடும்பத்துல ஏதாவது மனஸ்தாபமா?"

அட்டையை எழுதிக்கொண்டு வந்தவள் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் அவர் இரண்டு வருடமாக ஏமாற்றியதும் சேர்ந்து வெளியே வரும், பேரே கெட்டுப்போகும். கண் போனது மட்டும் போதும், பேர் போகவேண்டாம் என்று நினைத்தாள். அதனால் வேறொன்று கேட்டாள்.

"சார், நேத்து நின்ன தண்ணி லாரி என்ன நிறம்னு அவர்கிட்ட கேளுங்க சார்."

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "என்ன நிறம்ப்பா?"

அவர் அவளைப் பார்த்தார். பார்த்தார் என்று சொல்லலாமா தெரியவில்லை. குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். சன்னலுக்கு வெளியே, பழுது பார்ப்பதற்காக இழுத்துவந்து போட்டிருந்த அந்த லாரியே நின்றது. மேனேஜரும் பார்த்தார், அவளும் பார்த்தாள்.

"வெள்ளை" என்றார் அவர்.

மேனேஜர் எழுத்து அட்டையை மெதுவாகச் சுருட்டினார்.

டிக்கெட் பதிவு அறையில் உட்காரும் வேலை தருகிறோம் என்றார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாரமே வீட்டில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த நாளிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்தினார்.

எல்லோரோடும் பேசினார். பக்கத்து வீட்டுத் தையல்காரரோடு அரசியல் பேசினார். வெளியூரில் வேலைக்குப் போன மகளோடு போனில் ஒருமணி நேரம் பேசினார். பார்க்க வருகிற விசிலோடு பழைய கதை பேசினார். அவளோடு மட்டும் இல்லை. ஆனால் சாப்பாடு வேண்டும், செருப்பு வேண்டும், மருந்து வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கூடத்துக் கூரையில் தொங்கிய மின்விசிறியிடம் சொல்ல ஆரம்பித்தார்.

"என்னப்பா விசிறி, இந்த வீட்டுல யாரோ என் செருப்ப இடம் மாத்தி வச்சிருக்காங்க போலருக்கே."

அவளும் சளைத்தவள் இல்லை. "விசிறி, அவர்கிட்ட சொல்லு. செருப்பு மாறல, அவரு நின்ன பக்கம் மாறிடுச்சு. ரெண்டடி பின்னால போகச் சொல்லு."

"விசிறி, டீ ஆறிப்போச்சு."

"ஏன் விசிறி, நீ சுத்துனா ஆறாம என்ன பண்ணும்?"

கரண்ட் போய் விசிறி நின்ற நாட்களில் வீடே ஊமையாகிவிடும்.

அவர் கண்ணின் நடுவில் இருந்த கறை இரண்டு வருடத்தில் ஓரம் வரைக்கும் பரவியது. அவள் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார். தட்டில் சோறு எந்தப் பக்கம், குழம்பு எந்தப் பக்கம் என்று விசிறியிடம் சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டார். ரோட்டைக் கடக்கும்போது அவள் முழங்கையைப் பிடித்தார். அக்கரை போனதும் விட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வலது கால் இன்னும் தரையை அழுத்தியது. தரைக்குள் பிரேக் இல்லை என்று சொல்ல அவள் வாய் வரைக்கும் வரும். விசிறியிடம் சொல்கிற விஷயமா அது? சொல்லாமல் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போய்விடுவாள்.

பணிமனையில் அவள் மாறவில்லை. அதே வெள்ளைத் துணி, மஞ்சள் துணி, அதே வசவு. ஒன்று மட்டும் கூடியது. பேச்சுப் பார்த்து, டீச்சர் வாய் திறந்த பிறகும் அவள் இறங்கமாட்டாள். டிரைவர் முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டுவாள்.

"எத்தன?"

"ரெண்டுக்கா. தினமும் ரெண்டுதான் காட்டுற."

மறுநாள் நாலு காட்டுவாள். சொல்லிவைத்துக்கொண்டு ஏமாற்ற முடியாதபடி மாற்றி மாற்றிக் காட்டுவாள். அந்த வித்தை அவளுக்கு அத்துப்படி.

ஒருநாள் விசில் பழையபடி மூக்கை அழுத்தி, "எரியுது, ஆனா பேசலையே!" என்றான். அவள் துணியை ஓங்கவில்லை. "ஆமாடா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாள். அதற்கப்புறம் அவள் இருக்கும்வரை அவன் அந்தக் குரலை எடுக்கவில்லை.

அவர் பேச்சை நிறுத்திய ஏழாவது வருடம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். ஒரு மாதம் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தாள். அப்புறம் ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்துவிட்டார்கள். மகள் வந்தாள். மூன்றாம் நாள் காலை டாக்டர் மகளை வெளியே கூப்பிட்டு, அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்.

மகள் அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். பளிச்சென்ற பகல். சன்னல் வழியாக வெயில் போர்வை மேல் விழுந்திருந்தது. லைட்டக்கா கண்ணை மூடியிருந்தாள், ஆனால் விழித்திருந்தாள். அவர் கால் ஓசையை வராந்தாவிலேயே பிடித்துவிட்டாள்.

அவர் தலையைத் தூக்கி மேலே காது கொடுத்தார். 

"பாப்பா, இங்க மேல விசிறி இருக்கா?"

"இல்லப்பா. ஏசி."

"சுவத்துல?"

"அங்கயும் இல்லப்பா."

அவர் தலையை இறக்கிக்கொண்டார். மகளுக்குப் புரிந்தது. தண்ணீர் பிடித்துவருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். அதற்கு மேல் போக மனசு வரவில்லை, அங்கேயே நின்றாள்.

அவர் கை போர்வையின் மேல் ஊர்ந்து அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு வாயைத் திறந்தார். ஏழு வருடமாக அவளோடு பேசாத குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது.

"ஏய்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அன்னைக்கு... அந்த லாரிய நான் பாத்துட்டேன்டி. நீ கத்துறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

அம்மா இதற்கு என்ன சொல்லப்போகிறாள் என்று மகள் பயந்தாள். ஒரு சொல், ஒரே ஒரு நிறம் கேட்டால் போதும், மனுசன் அங்கேயே உடைந்துவிடுவார். அவர் முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் காத்துக்கொண்டிருந்தார், பேச்சுப் பார்க்கும்போது அவள் காது கொடுப்பாளே, அதேமாதிரி.

லைட்டக்காவுக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் எடுத்தது. மறுநாள் விடிவதற்குள் அவள் போய்விட்டாள். இடையில் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியாகப் பேசியது இதுதான். மகள் கேட்டது, அவர் கேட்டது, அந்தச் சிரிப்போடு, அந்த மூச்சுவாங்கலோடு, முழுசாக:

"சரி, பாத்தீங்க. யாரு இல்லன்னா? அது என்ன நிறம்னு இந்தத் தடவ நான் கேக்கமாட்டேன், பயப்படாதீங்க. ஆனா ஒண்ணு, மறுபடியும் அதே வண்டியில, அதே ரோட்டுல என்னை ஏத்திட்டுப் போனீங்கன்னா, அன்னைக்கும் அத்தன பேரு முன்னாடி நான் யோவ்னுதான் கத்துவேன், ஆமா."